தோட்ட ஆபிஸ் சர்வரைப் பட்டணத்திலிருந்து நிர்வகிக்க: பாதுகாப்பான இடைமுகத்துக்குக் கருவி தேர்வு செய்யும் முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் சர்வர் என்றால் குளிரூட்டிய தரவு மையத்தில் வரிசையாக நிற்கும் இயந்திரம் அல்ல. செம்பனைத் தோட்டத்து ஆபிஸ் மூலையில் எடைமேடைக் கணக்கையும் சம்பளப் பட்டியலையும் சுமக்கும் ஒரு சிறு கணினி. பட்டணத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் இன்னொன்று. தமிழ்ப்பள்ளியில் கோப்புகளைச் சேமிக்க ஒரு ராஸ்பெரி பை, கையடக்கச் சிறு கணினி. மூன்றையும் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் ஒரே ஆள். ஒரு சேவையை நிறுத்தித் தொடங்குவதற்காக அவர் செம்மண் பாதையில் வண்டி ஓட்டிப் போவதில் அர்த்தமில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து உலாவியில் திறந்து வேலையை முடிக்க ஓர் இடைமுகம் தேவைதான்.

தவறு பெரும்பாலும் வேலையின் வரிசையில் நடக்கிறது. கண்ணுக்கு அழகான நிர்வாகப் பலகை ஒன்றைப் பிடித்து நிறுவுவார்கள், ரவுட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை, திறந்துவிடுவார்கள், பாதுகாப்பைப் பிறகு யோசிப்பார்கள். இந்த வழிகாட்டி தலைகீழாகப் போகும். உள்ளே வரும் கதவு, வருபவர் யார் என்ற அடையாளம், அவருக்குள்ள அதிகாரம், அதன் பிறகுதான் திரை. நான்கையும் தொடுவதற்கு முன், வெளியே பூட்டிக்கொண்டால் திரும்பி வர வழி இருக்க வேண்டும்.

தொடங்குமுன் ஒரு தாள்

தூரத்திலிருந்து உண்மையில் செய்யவேண்டிய வேலைகளை எழுதுங்கள். எடைமேடை மென்பொருளை மறுதொடக்கம் செய்வது, வட்டில் இடம் பார்ப்பது, புதுப்பிப்புகளைப் போடுவது, காப்புப் பிரதி ஓடியதா என்று பார்ப்பது, பயனர் கடவுச்சொல்லை மாற்றுவது. பெரும்பாலான இடங்களில் பட்டியல் பத்தைத் தாண்டாது. ஒவ்வொன்றின் எதிரிலும் யார் செய்வார் என்று குறியுங்கள்: நிர்வகிப்பவரா, தோட்டத்துக் கிராணியா (எழுத்தரா)? கிராணிக்குத் தேவை இரண்டு பொத்தான் மட்டும் என்றால், முழு நிர்வாகப் பலகையை அவர் கையில் கொடுப்பது வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பதற்குச் சமம். பின்னால் வரும் எல்லா முடிவுகளும் இந்தத் தாளிலிருந்துதான் வரும்.

முதல் படி: திரும்பி வரும் வழி

கணினியின் பயாஸ் அமைப்பில், மின்சாரம் திரும்பியதும் தானாக எழுந்துகொள்ளும் தேர்வு இருக்கும். அதை இயக்குங்கள். மாலை இடிமழைக்கு மின்சாரம் போய்வரும் ஊரில் இந்த ஒரு அமைப்பு பல பயணங்களை மிச்சப்படுத்தும். யூபிஎஸ் சர்வருக்கு மட்டும் போதாது, ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் அதிலேயே செருகுங்கள். சர்வர் உயிரோடிருந்து ரவுட்டர் அணைந்தால் தூரத்திலிருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆபிசுக்கும் எடைமேடைக் கொட்டகைக்கும் இடையே வெட்டவெளியில் செம்புக் கேபிள் போயிருந்தால் மின்னல் அதன் வழியே வந்து ஸ்விட்சின் போர்ட்டுகளைக் கருக்கும். கட்டடங்களுக்கு இடையே ஃபைபர் கேபிள் போடுவதே சரி, கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது.

இரண்டாவது பாதையாக ஒரு சிம் கார்டு போட்ட 4ஜி ரவுட்டர் வைத்துக்கொள்ளுங்கள். முதன்மை இணைப்பு அறுந்தால் இதன் வழியே உள்ளே வரலாம்.

மென்பொருளிலும் இதே எண்ணம் வேண்டும். நெட்வொர்க் அமைப்பை மாற்றும்போது உபுண்டுவில் 'நெட்பிளான் ட்ரை' கட்டளையைப் பயன்படுத்துங்கள். நீங்கள் உறுதி செய்யாவிட்டால் 120 விநாடிகளில் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். தீச்சுவர் (ஃபயர்வால்) விதிகளை மாற்றும்போது, பத்து நிமிடத்தில் பழைய விதிகளை மீட்டு வைக்கும் ஒரு வேலையைச் 'சிஸ்டம்டி-ரன்' கட்டளை வழியாக முன்கூட்டியே அட்டவணையிட்டு, எல்லாம் சரியென்றால் அதை ரத்து செய்யுங்கள். உபுண்டுவின் தீச்சுவர்க் கருவியான யூஎஃப்டபிள்யூவை இயக்குமுன், தூரத்திலிருந்து கட்டளை ஓட்ட உதவும் எஸ்எஸ்எச்சை அனுமதிக்கும் விதியைப் போட மறந்து, தன் கதவைத் தானே சாத்திக்கொள்வதுதான் இந்தத் தொழிலில் மிகப் பழைய விபத்து.

இரண்டாம் படி: கதவு

நிர்வாக இடைமுகம் எதுவானாலும் இணையத்தில் நேரடியாகத் தெரியக் கூடாது. நல்ல கடவுச்சொல் இருக்கிறதே என்பது பதில் ஆகாது. வெப்மின் என்ற நிர்வாகப் பலகையைப் பற்றி 2019 ஆகஸ்டில் வெளிவந்த விவகாரத்தைப் பாருங்கள். அதன் மென்பொருளைத் தொகுத்து உருவாக்கும் சர்வரில் யாரோ புகுந்து தீய நிரலைச் செருகியிருந்தார்கள். 1.890 முதல் 1.920 வரையிலான பதிப்புகளில் அது இருந்தது. கடவுச்சொல்லே இல்லாமல் ரூட் (சர்வரின் முழு) அதிகாரத்தோடு கட்டளை ஓட்ட அது வழிவிட்டது. 1.930இல் திருத்தினார்கள். வெப்மினைத் தனிப் பிணையத்துக்குள் பூட்டி வைத்திருந்தவர்களை வெளியாள் தொட வழியிருக்கவில்லை. கருவியின் பிழையை நம்மால் முன்கூட்டியே அறிய முடியாது. அந்தப் பிழையை யார் தொட முடியும் என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம்.

எளிய கதவு எஸ்எஸ்எச் சுரங்கம். இடைமுகம் சர்வர் தன்னையே குறிக்கும் 127.0.0.1 முகவரியில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். உங்கள் மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச்சின் பெரிய 'எல்' (-L) தேர்வால் ஒரு போர்ட்டை அங்கே இணைத்து, உலாவியில் உள்முகவரியைத் திறப்பீர்கள். ஒரு சர்வர், ஒரு நிர்வாகி என்றால் இதுவே போதும்.

ஆனால் தோட்டத்து இணைப்புக்குப் பொது முகவரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரவுட்டரின் வான் (WAN, இணையப் பக்க) முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், உங்களுக்கு முன்னால் இணையச் சேவையாளரின் பகிர்ந்த முகவரி மாற்றி நிற்கிறது. சிம் கார்டு இணைப்புகளில் இது வழக்கம். ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து எதுவும் வந்து சேராது. அப்போது இரு முனைகளும் வெளிநோக்கி அழைத்துச் சந்திக்கும் இடம் ஒன்று வேண்டும். மாதக் கட்டணத்துக்குக் கிடைக்கும் மிகச் சிறிய மேக (கிளவுட்) சர்வர், 512 எம்பி நினைவகம் உள்ளதே, இந்த வேலைக்குத் தாராளம்.

எங்கள் பரிந்துரை வயர்கார்ட், கணினிகளுக்கு இடையே மறையாக்கிய தனிச் சுரங்கம் அமைக்கும் விபிஎன் மென்பொருள். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6இலிருந்து லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. வழக்கமான போர்ட் யூடிபி 51820. சரியான சாவி இல்லாமல் தட்டுபவருக்கு அது பதிலே சொல்லாது, அங்கே கதவு இருப்பதே வெளியாளுக்குத் தெரியாது. சாவிகளைக் கையால் பார்த்துக்கொள்ளச் சிரமம் என்றால் டெயில்ஸ்கேல் அதே வயர்கார்ட்டை எளிமையாக்கித் தருகிறது. சாவிகளை ஒருங்கிணைக்கும் வேலையை ஒரு வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கிறீர்கள் என்பதை மட்டும் தெரிந்து முடிவெடுங்கள்.

வயர்கார்ட் அமைக்கும்போது தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு.

உள் முகவரிக்கு 192.168.1 வரிசையைத் தொடாதீர்கள், வீட்டு ரவுட்டரும் ஆபிஸ் ரவுட்டரும் அதையே பயன்படுத்தும். 10.77.34.0/24 போல யாரும் எடுக்காத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மையச் சர்வரில் (எல்லாரும் சந்திக்கும் அந்த மேகச் சர்வரில்) ஒவ்வொரு உறுப்பினருக்கும், அதாவது இணையும் ஒவ்வொரு கணினிக்கும், /32 (ஒற்றை) முகவரி மட்டும் கொடுங்கள். இரண்டு பேருக்கு ஒரே முகவரியை அனுமதித்தால் பிறகு வந்தவர் அதைப் பிடித்துக்கொள்வார், முதலாமவர் சத்தமில்லாமல் செத்துப்போவார். பிழைச் செய்தி வராது. தோட்டத்துச் சர்வரின் பக்கம் 'பெர்சிஸ்டன்ட் கீப்பலைவ்' 25 விநாடி என்று வையுங்கள், இல்லையேல் ரவுட்டர் இணைப்பை மறந்துவிடும், வெளியிலிருந்து எழுப்ப முடியாது. மையத்தில், மடிக்கணினியிலிருந்து சர்வர்களுக்குப் போகலாம், ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் போகக்கூடாது என்று தீச்சுவரில் எழுதுங்கள். பள்ளியின் கணினி கெட்டுப்போனால் அது சங்கத்துக் கணக்குவரை பரவக் கூடாது.

பிங் போகிறது, எஸ்எஸ்எச் சேர்கிறது, ஆனால் வலைப்பக்கம் பாதியில் நிற்கிறது என்றால் எம்டியூவை (ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவை) சந்தேகியுங்கள். பிபிபிஓஇ என்ற இணைப்பு முறை வழியே வரும் வீட்டு ஃபைபரில் அந்த அளவு 1492 பைட். வயர்கார்ட் அதிகபட்சம் 80 பைட் எடுத்துக்கொள்ளும். வழக்கமான 1420க்குப் பதில் 1412 என்று வையுங்கள்.

இனி, மிகவும் குழப்பும் பிழை. ராஸ்பெரி பை 4 வரையிலான பலகைகளில் கடிகாரச் சில்லு கிடையாது. 5இல் உண்டு, ஆனால் மின்கலம் தனியாக மாட்ட வேண்டும். மின்சாரம் போய் வந்ததும் பை பழைய நேரத்தோடு எழும். வயர்கார்ட், பழைய பொட்டலங்களை யாரும் மறுபடி அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காக இணைப்பைத் தொடங்கும் ஒவ்வொரு கைகுலுக்கலிலும் நேரக் குறி வைக்கிறது. கடைசியாகப் பார்த்த நேரத்துக்கு முந்தைய குறியோடு வருவதை மறுமுனை நிராகரிக்கும். பை இணையத்திலிருந்து சரியான நேரத்தை வாங்கினால் பிரச்சினை தீரும். ஆனால் அதன் எல்லாப் போக்குவரத்தையும் சுரங்கத்துக்குள் அனுப்பும்படி அமைத்திருந்தால் நேரம் கேட்கும் பொட்டலமும் சுரங்கத்துக்குள்ளேயே போகும். நேரம் இல்லாமல் சுரங்கம் திறக்காது, சுரங்கம் இல்லாமல் நேரம் வராது. யாராவது நேரில் போக வேண்டியதுதான். தீர்வு இரண்டு: சுரங்கத்துக்குள் 10.77.34 வரிசையை மட்டும் அனுப்புங்கள், டிஎஸ்3231 கடிகாரப் பலகை ஒன்றை வாங்கி பையில் பொருத்துங்கள்.

மூன்றாம் படி: அடையாளம்

எஸ்எஸ்எச்சுக்கு, கடவுச்சொல்லுக்குப் பதிலாக, இடி25519 (Ed25519) வகைச் சாவிக் கோப்பு. சாவிக்குக் கடவுத்தொடர் கட்டாயம், மடிக்கணினி தொலைந்தால் அதுதான் மிச்சமிருக்கும் பூட்டு. ஓபன்எஸ்எஸ்எச் 8.2 முதல், விரல்நீளமுள்ள யூஎஸ்பி பாதுகாப்புச் சாவிகளை நேரடியாகப் பயன்படுத்தலாம். வாங்கினால் இரண்டாக வாங்கி, ஒன்றைப் பெட்டியில் பூட்டி வையுங்கள்.

பிறகு கடவுச்சொல் நுழைவை அணையுங்கள். இங்கே ஒரு பொறி. மேகச் சர்வர்களுக்கான உபுண்டுவின் தயார்நிலைப் படிமங்களில், எஸ்எஸ்எச் அமைப்பின் துணை அடைவில், முதல் அமைப்பைச் செய்யும் 'கிளவுட்-இனிட்' ஒரு கோப்பை வைத்து, அதில் கடவுச்சொல் நுழைவை இயக்கியிருக்கலாம். எஸ்எஸ்எச் முதலில் படித்த மதிப்பையே ஏற்கும், துணைக் கோப்புகளைத்தான் முதலில் படிக்கும். முதன்மைக் கோப்பில் நீங்கள் 'நோ' என்று எழுதியது பலிக்காது. கோப்பைப் பார்த்து நம்பாமல் 'எஸ்எஸ்எச்டி' கட்டளையைப் பெரிய 'டி' (-T) தேர்வோடு ஓட்டி, உண்மையில் நடப்பில் உள்ள மதிப்பைப் பாருங்கள். சிறிய 'டி' (-t) தேர்வு எழுத்துப் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும். மறுதொடக்கத்துக்கு முன் இரண்டும் செய்யுங்கள், திறந்திருக்கும் பழைய இணைப்பை மூடாமல் புதிய சாளரத்தில் நுழைந்து பாருங்கள்.

திரை இடைமுகத்துக்கு இரண்டாம் காரணியாக, கைப்பேசியில் 30 விநாடிக்கொரு முறை மாறும் ஆறு இலக்க எண் நல்லது. அதுவும் கடிகாரத்தை நம்பியது. சர்வர் நேரம் இரண்டு நிமிடம் பிசகினால் எண் சரியாக இருந்தும் உள்ளே விடாது. இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்யும் குரோனியை நிறுவி நேரத்தைக் கவனியுங்கள்.

நான்காம் படி: அதிகாரம்

இடைமுகம் ரூட்டாக ஓடுகிறதா, அல்லது நுழைந்தவரின் சொந்த அதிகாரத்தோடு ஓடுகிறதா? கருவியைத் தேர்வதில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

சாதாரணப் பயனருக்கு ரூட் அதிகாரத்தில் கட்டளை ஓட்ட அனுமதி தரும் சூடோவின் விதிகளில் முழுக் கட்டளையை முழுப் பாதையோடும் அளவுருக்களோடும் எழுதுங்கள். நட்சத்திரக் குறியைத் தவிருங்கள், அது நீங்கள் நினைத்ததைவிட அதிகம் விழுங்கும். ஒருவருக்கு ஒரு கோப்பைத் திருத்த மட்டும் உரிமை வேண்டுமென்றால் விம் திருத்தியைச் சூடோவில் கொடுக்காதீர்கள், விம்முக்குள்ளிருந்தே ரூட் ஷெல் (கட்டளைச் சாளரம்) திறக்கலாம். 'சூடோஎடிட்' அதற்கென்றே இருக்கிறது. விதிகளை 'விசூடோ'வால் மட்டும் திருத்துங்கள். சூடோவையே புதுப்பித்து வைப்பதும் முக்கியம்: 2021 ஜனவரியில் வெளியான அதன் பெரிய ஓட்டை ஏறத்தாழ பத்து ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது.

ஐந்தாம் படி: திரை

முதலில் காக்பிட், உலாவியில் திறக்கும் நிர்வாகப் பலகை. லினக்ஸ் சர்வருக்குப் பெரும்பாலானோர் இதில் தொடங்கலாம். போர்ட் 9090. தனக்கென்று பயனர் பட்டியல் வைத்துக்கொள்வதில்லை, சர்வரின் பயனர்களே இதன் பயனர்கள், நுழைந்தவருக்கு உள்ள அதிகாரமே திரைக்கும் உண்டு. யாரும் பயன்படுத்தாதபோது ஓடிக்கொண்டிருக்கவும் செய்யாது. நாங்கள் இதை முன்னிறுத்துவதற்கு இந்த மூன்றும்தான் காரணம்.

நிறுவியதும் அதை வயர்கார்ட் முகவரியில் மட்டும் கேட்க வையுங்கள். காக்பிட் எந்த முகவரியில் கேட்கும் என்று சொல்லும் சாக்கெட் அலகுக்கு ஒரு மேலெழுத்துக் கோப்பு எழுத வேண்டும். அதில் 'லிசன்ஸ்ட்ரீம்' வரியை முதலில் வெறுமையாக ஒரு முறை எழுதி, அடுத்த வரியில் 10.77.34.2:9090 போன்ற முகவரியோடு எழுதுங்கள். வெற்று வரி இல்லாவிட்டால் பழைய அமைப்பும் சேர்ந்தே இருக்கும், எல்லா முகவரியிலும் கதவு திறந்தே கிடக்கும். கூடவே 'ஃப்ரீபைண்ட்' என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். கணினி எழும்போது வயர்கார்ட் தாமதமாக வந்தால், அந்த முகவரி இன்னும் இல்லை என்று காக்பிட் தோற்றுவிடும். மின்தடைக்குப் பிறகு மட்டும் வரும் பிழை என்பதால் காரணம் கண்டுபிடிக்க நாள் பிடிக்கும். பயனர் வெறுமனே விட்டுப்போனால் 15 நிமிடத்தில் வெளியேற்றும்படியும் அமையுங்கள்.

காக்பிட்டை கேடி (Caddy), என்ஜின்எக்ஸ் போன்ற இடைநிலை வலைச் சர்வர்களின் பின்னால் வைத்தால் அதன் அமைப்பில் 'ஆரிஜின்ஸ்' வரியில் உங்கள் டொமைன் பெயரை எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் வெப்சாக்கெட் இணைப்பை அது மறுக்கும், நுழைந்தபின் வெற்றுப் பக்கம்தான் தெரியும்.

சான்றிதழ் பற்றி: சுரங்கத்துக்குள்தானே என்று உலாவியின் எச்சரிக்கையைத் தினமும் தாண்டிப் போகும் பழக்கம் ஆபத்து. ஒரு நாள் உண்மையான எச்சரிக்கை வரும்போதும் விரல் தானாகவே அழுத்தும். சொந்த டொமைன் வாங்கி, டிஎன்எஸ் (டொமைன் பெயர்ப் பதிவு) சரிபார்ப்பு முறையில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பிடம் சான்றிதழ் எடுங்கள். எந்தப் போர்ட்டையும் வெளியே திறக்க வேண்டியதில்லை.

வெப்மின்: போர்ட் 10000. அஞ்சல் சர்வர், சம்பா (கோப்புப் பகிர்வு), டிஎன்எஸ் என்று காக்பிட் தொடாத பலவற்றைத் திரையிலேயே அமைக்கலாம். ஆனால் ரூட்டாக ஓடுகிறது, பயனர்களையும் தானே வைத்துக்கொள்கிறது. அந்த வசதிகள் உங்கள் தாளில் இருந்தால் மட்டும் எடுங்கள், சுரங்கத்துக்கு வெளியே ஒருபோதும் காட்டாதீர்கள்.

அன்சிபிள்: பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவி. மூன்று சர்வரைத் தாண்டினால் திரையைவிட இது நல்லது. சர்வரில் தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை, எஸ்எஸ்எச்சும் பைத்தானும் போதும். என்ன நிலை வேண்டும் என்று கோப்பில் எழுதுவீர்கள். 'செக்' முறையில் ஓட்டினால் என்ன மாறும் என்று மாற்றாமலே காட்டும். ரகசியங்களை அன்சிபிள் வால்ட்டில் பூட்டலாம். இதற்குத் திரை வேண்டும் என்பவர்களுக்கு ஏடபிள்யூஎக்ஸ் இருக்கிறது, ஆனால் அது குபர்னெட்டிஸ் என்ற பெரிய அமைப்பைக் கேட்கும், தோட்ட ஆபிசுக்குப் பொருந்தாது. செமஃபோர் என்ற இன்னொரு திரை எளிது.

கிராணிக்கான இரண்டு பொத்தானுக்கு ஆலிவ்டின் பாருங்கள். முன்பே எழுதி வைத்த கட்டளைகளைப் பொத்தான்களாகக் காட்டும், வேறெதுவும் செய்ய விடாது. செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரில் அதை ஓட்டினால் கவனம்: டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் யூஎஃப்டபிள்யூ விதிகளைத் தாண்டிப் போகும். மூடியிருக்கிறது என்று யூஎஃப்டபிள்யூ சொல்லும், வெளியே திறந்திருக்கும். போர்ட்டுக்கு முன்னால் வயர்கார்ட் முகவரியை அல்லது 127.0.0.1ஐச் சேர்த்து எழுதுங்கள்.

சொந்தமாகத்தான் எழுதுவேன் என்றால், வலைச் செயலி சாதாரணப் பயனராக ஓடட்டும். உலாவியிலிருந்து வரும் எழுத்தை ஒட்டி ஷெல் கட்டளை உருவாக்காதீர்கள். பைத்தானில் வெளிக் கட்டளை ஓட்டும் 'சப்பிராசஸ்' என்றால் அளவுருக்களைப் பட்டியலாகக் கொடுங்கள், ஷெல் தேர்வு அணைந்திருக்கட்டும். இதோடும் முடியவில்லை. கோப்புப் பெயர் கேட்கும் இடத்தில் ஒருவர் சிறு கோட்டில் தொடங்கும் சொல்லை அனுப்பினால் கட்டளை அதைத் தேர்வாக எடுத்துக்கொள்ளும். கூடுமானவரை பெயர் கேட்கவே கேட்காமல், முன்பே நிர்ணயித்த பட்டியலிலிருந்து தேர்வெடுக்க விடுங்கள்.

ஆறாம் படி: பதிவேடு

யார் எப்போது எதை மாற்றினார் என்று தெரிய 'ஈடிசி-கீப்பர்' (etckeeper) நிறுவுங்கள். அமைப்பு அடைவு முழுவதையும் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் (Git) மென்பொருளில் பதிந்து வைக்கும், நேற்றுவரை ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்ற கேள்விக்கு ஒரு நிமிடத்தில் விடை வரும். நுழைவுப் பதிவுகளின் நகல் மையச் சர்வருக்கும் போகட்டும். உள்ளே புகுந்தவர் முதலில் அழிப்பது பதிவுகளைத்தான்.

சம்பளப் பட்டியலில் தொழிலாளர்களின் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. மலேசியாவின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தப்படி, 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவை ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவுகள் இல்லாமல் என்ன போனது, யாருடையது போனது என்று அந்த நேரத்துக்குள் யாராலும் சொல்ல முடியாது.

தோட்டத்திலிருந்து கிளம்புமுன்

சோதனையை ஆபிஸ் வைஃபையில் செய்யாதீர்கள், உள்ளிருந்து பார்த்தால் எல்லாக் கதவும் திறந்தே தெரியும். கைப்பேசியின் தரவு இணைப்பில் மடிக்கணினியைச் சேருங்கள். வயர்கார்ட்டை அணைத்துவிட்டு, ஆபிசின் பொது முகவரியை, திறந்த போர்ட்டுகளைத் தேடும் என்மேப் வைத்து ஆராயுங்கள். 22 (எஸ்எஸ்எச்), 9090, 10000 எதுவும் திறந்திருக்கக் கூடாது. வயர்கார்ட்டை இயக்கி உள்ளே போங்கள்.

பிறகு சுவரிலிருந்து மின் இணைப்பைப் பிடுங்குங்கள். யூபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று குறித்துக்கொண்டு, முழுதாக அணைந்தபின் கால் மணி நேரம் கழித்துச் செருகுங்கள். யாரும் கை வைக்காமல் சர்வர் எழுந்து, நேரம் சரியாகி, சுரங்கம் திறந்து, காக்பிட் வருகிறதா என்று பாருங்கள். ஃபைபர் கேபிளைக் கழற்றி 4ஜி வழியும் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாகக் கிராணிக்கு ஒரு தாள்: எந்தப் பெட்டியில் எந்த விளக்கு எரிய வேண்டும், எந்த பிளக்கை முதலில் பிடுங்கி எத்தனை நிமிடம் கழித்துச் செருக வேண்டும், யாரை அழைக்க வேண்டும். கொட்டை எழுத்தில் எழுதி பிளாஸ்டிக் உறையில் போட்டு, சர்வருக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். கடவுச்சொல் எதையும் அதில் எழுதாதீர்கள்.